பொதிமாட்டு வளைவில் இறங்கிய கோடு

சுனைப்பட்டியைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்லியாக வேண்டுமென்றால் அங்கே கிணற்றுத் தண்ணீர் ருசியாக இருக்கும் என்று சொல்லலாம், அதற்கு மேல் என்னை யாரும் வற்புறுத்தக் கூடாது. மலையடிவாரத்தில் கிடக்கும் அந்த ஊரில்தான், மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிற பாண்டிமீனா என்பவள், சித்திரை மாதத்தில் ஒருநாள் காலை, மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை கக்குகிற உறைவிந்துக் குடுவையைத் தன் மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டுக் கம்பியில் கட்டிக்கொண்டு, துப்பட்டாவைத் தலைக்கவசத்துக்குள் செருகிக்கொண்டு, ஒற்றை ஆளாக மலைரோட்டில் ஏறினாள். அவள் வண்டியின் பின்சக்கரத்திலிருந்து ஒரு வெள்ளைக் கோடு விழத் தொடங்கி, அவள் போன இடமெல்லாம் கூடவே போனது.

கோடு சுண்டுவிரல் அகலம் இருந்தது. லாரி ஏறினாலும் அழியவில்லை, மழை பெய்தாலும் கரையவில்லை, பஞ்சாயத்தில் புதிதாகத் தார் ஊற்றினால் தாரின் மேல் ஏறி நின்றது. அவள் வீடு திரும்பி வண்டிக்கு ஸ்டாண்டு போட்ட அந்த நிமிடத்தில், மலை மேலிருக்கும் மேல்முடி ஊரிலிருந்து அவள் வாசல்வரை ரோடு முழுக்கக் கிடந்த கோடு இருந்த சுவடு தெரியாமல் மறைந்தது. அவள் எங்காவது நின்றால் அந்த இடத்தில் கோடு வட்டமாகப் பெருகும், எவ்வளவு நேரம் நிற்கிறாளோ அவ்வளவு பெரிய வட்டம். இன்னொன்று, அவள் தனியாகப் போனால்தான் கோடு விழும். பின்னால் யாராவது ஏறி உட்கார்ந்துவிட்டால் கோடு அறுந்துபோகும், இறங்கின இடத்திலிருந்து மறுபடி தொடங்கும்.

ஏன் இப்படி என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். குடுவை ஒழுகுகிறது என்று ஒருவர் சொன்னார். வண்டி வாங்கிய அன்று எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் ஓட்டிவிட்டாள், அதன் குறை என்று இன்னொருவர் சொன்னார். கால்நடை டாக்டர் வந்து கோட்டைச் சுரண்டிப் பார்த்து, நகத்தில் ஒன்றும் ஒட்டவில்லை என்று சொல்லிவிட்டு, வந்தது வந்தோம் என்று ஒரு கன்றுக்குட்டிக்குப் பூச்சிமருந்து கொடுத்துவிட்டுப் போனார். பத்துப் பதினைந்து நாளில் அது எல்லோருக்கும் பழகிப்போனது, மின்கம்பம் மாதிரி, பஸ் நிறுத்தம் மாதிரி, எப்போதும் அங்கேயே இருந்தது போல ஆகிவிட்டது.

பழகியதும் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். சுனைப்பட்டிக்காரர்கள் கையில் சும்மா கிடைத்த எதையும் சும்மா விட்டதில்லை. மாடு சினைக்குக் கத்த ஆரம்பித்துவிட்டால் கோட்டைப் பிடித்துக்கொண்டே போய் அவளை எந்த ஊர்த் தொழுவத்தில் இருந்தாலும் கையோடு கூட்டி வந்தார்கள். மூடுபனி நேரத்தில் பஸ் டிரைவர் கோட்டின் மேலேயே சக்கரத்தை ஏற்றி ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். கள் குடித்துவிட்டு வருகிறவர்கள் கோட்டில் கால் வைத்து நேராக நடந்து காட்டி, தாங்கள் நிதானத்தில் இருப்பதாகப் பொண்டாட்டிமாரிடம் சத்தியம் செய்தார்கள். நிலத் தகராறில் ஒருவன் அந்தக் கோட்டையே எல்லையாகக் காட்டி வாதாடினான், அவள் வீடு திரும்பியதும் அவன் எல்லை காணாமல் போனது.

பாண்டிமீனாவுக்கும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. தனியாக மலை ஏறுகிற அவளுக்கு மாட்டின் உதையைக் கண்டு பயமில்லை, யானையைக் கண்டுகூட அவ்வளவு பயமில்லை. எங்காவது ஒரு வளைவில் வண்டியோடு விழுந்து, தான் விழுந்தது யாருக்குமே தெரியாமல் கிடந்துவிடுவோமோ என்கிற ஒரு பயம்தான் அவள் வயிற்றில் எப்போதும் இருந்தது. முன்பு ஒரு தேன் வியாபாரி அப்படித்தான் விழுந்தான், நாற்றம் வந்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள். குவைத்தில் லாரி ஓட்டும் அவள் புருஷன் சுருளிவேல், செல்போனில் இருக்கிற இடத்தை அனுப்பு அனுப்பு என்று நச்சரிப்பான், மலைக்கு மேல் சிக்னல் கிடைக்காது, கிடைக்காத சிக்னலுக்கும் அவள்தான் பேச்சு வாங்க வேண்டும். இப்போது கோடு வந்துவிட்டது. விழுந்தாலும் கோடு காட்டிக்கொடுக்கும், யாராவது வருவார்கள் என்று நம்பினாள். பாவம், கோட்டைப் பற்றி அவள் சரியாகத்தான் நினைத்தாள், ஊரைப் பற்றித்தான் தப்பாக நினைத்துவிட்டாள்.

சுருளிவேலின் அண்ணன் ஜெயக்கொடி, சிமெண்டுக் கடை வைத்திருப்பவர், ஊர்க் கமிட்டித் தலைவர், குடும்ப மானத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறவர். அவர் தம்பிக்குப் போன் போட்டு, "நீ நிம்மதியா வண்டி ஓட்டுடா தம்பி, ஒம் பொண்டாட்டி எங்க இருந்தாலும் எங்க கண்ணுலதான் இருக்கா" என்றார். தம்பியும் நிம்மதியாக இருந்தான். அதற்குப் பிறகு அவன் பாண்டிமீனாவிடம் எங்கே இருக்கிறாய் என்று கேட்பதை விட்டுவிட்டு, அங்கே எதற்கு நின்றாய் என்று கேட்க ஆரம்பித்தான்.

ஏனென்றால் ஊர் அதற்குள் வட்டங்களைப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்தவர்கள் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கோடு படிக்கப் போனார்கள். தொழுவ வாசலில் வட்டம் இருந்தால் அது வேலை, அதில் ருசியில்லை. புளியமரத்தடியில் ஒரு வட்டம் இருந்தால் அங்கே ஏன் நின்றாள், ஓடைப் பாலத்தில் ஒரு வட்டம் இருந்தால் அங்கே யாரைப் பார்த்தாள், வட்டம் தட்டளவா தாம்பாளத்தளவா, தாம்பாளத்தளவு என்றால் அவ்வளவு நேரம் ஒரு பொம்பளைக்கு ரோட்டோரத்தில் என்ன சோலி என்று பேசினார்கள். ஒருதரம் நிறைமாதக்காரி ஒருத்தியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனதால் கொஞ்ச தூரம் கோடு அறுந்திருந்தது. அந்த அறுந்த தூரத்துக்கு ஊர் முழுவதும் ஆளுக்கொரு ஆம்பளையை ஏற்றி உட்கார வைத்தார்கள். மாட்டுக்குச் சினை பிடிக்க வைக்கிறவளுக்கு வெட்கம் எங்கே இருக்கும் என்று சொன்னவர்கள், அதே வாயால், நாளைக்கு எங்கள் மாட்டைக் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போ தாயி என்றும் சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

கடைசியில் கமிட்டி கூடி அவளையே கூப்பிட்டுக் கேட்டது. புளியமரத்தடியில் எதற்கு நின்றாய் என்று ஜெயக்கொடி கேட்டார். சுற்றி அத்தனை ஆம்பளைகள் உட்கார்ந்திருக்க, அவள் தலையை நிமிர்த்தி, "ஒண்ணுக்குப் போகணும்னா எங்கதான் போறது?" என்று கேட்டாள். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னால் போதும், அசிங்கமாகப் பேச வேண்டாம் என்று ஜெயக்கொடி சொன்னார். அன்றிலிருந்து அவள் புளியமரத்தடியில் நிற்கவில்லை. எங்கேயும் நிற்கவில்லை. நிற்காமல் இருக்க வேண்டுமென்றால் தண்ணீர் குடிக்கக் கூடாது, எனவே காலையில் கிளம்பும்போதே தண்ணீர் குடிப்பதை விட்டாள். சொம்பு நிறையத் தண்ணீர் இருக்க, உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு மலை ஏறினாள். நீர்க்கடுப்பு வந்தது, கண் இருட்டியது, வளைவுகளில் தலை லேசாகச் சுற்றியது, ஆனாலும் கோடு ஒழுங்காக விழுந்தது, ஒரு வட்டம்கூட இல்லாமல், கமிட்டிக்குத் திருப்தியாக.

இதற்கிடையில் பக்கத்து டவுனிலிருந்து இரண்டு பயல்கள் கோட்டைப் பார்த்துப் பிடித்துக்கொண்டார்கள். கோட்டின் கடைசியில் தனியாக ஒரு பொம்பளை இருப்பாள் என்பது அவர்களுக்கும் தெரிந்துவிட்டது, அதைத்தான் கோடு ஊரறியச் சொல்லிக்கொண்டிருந்ததே. அவள் பின்னாலேயே வந்து ஆரன் அடிப்பது, உரசுகிற மாதிரி முந்துவது, முந்திப்போய் வளைவில் நின்றுகொண்டு பாட்டுப் பாடுவது என்று ஒரு வாரமாகத் தொல்லை கொடுத்தார்கள். அவள் ஜெயக்கொடியிடம் போய்ச் சொன்னாள். அவர் காது குடைந்துகொண்டே கேட்டுவிட்டு, நாங்கள்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோமே, உனக்கு என்ன ஆகிவிடும் என்றார். ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாயாவது அழுதது, இவர் அதுகூடச் செய்யவில்லை. ஊசி போடும் நீளக் கம்பியை ஒருநாள் அவளே உருவி நீட்டிய பிறகுதான் அந்தப் பயல்கள் வேறு ரோடு பார்த்துப் போனார்கள்.

பங்குனி வெயிலில் ஒருநாள் மேல்முடியில் ஒரு மாட்டுக்கு ஊசி போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். அங்கே மாட்டுக்காரம்மா மோர் கொடுத்தாள், இவள் வேண்டாமென்று சொல்லிவிட்டாள். இறக்கத்தில் பொதிமாட்டு வளைவு வருகிற இடத்தில் கண் முழுதாக இருட்டிப்போனது. வண்டி ரோட்டோரத்தில் இரண்டு தடுப்புக்கல்லுக்கு நடுவே புகுந்து, உண்ணிச்செடிப் புதர்களைப் பிளந்துகொண்டு சரிவில் இறங்கி, ஒரு பாறையில் மோதி அவள்மேல் சாய்ந்தது. வலது கால் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. செல்போன் எங்கோ தெறித்துப் போனது. குடுவை மட்டும் கவிழாமல் நின்றது. வெள்ளைக் கோடு ரோட்டை விட்டு விலகி, கல்லுக்கு நடுவே நுழைந்து, புதருக்குள் இறங்கி, அவள் கிடந்த இடத்தில் வட்டமாகப் பெருகத் தொடங்கியது, பெருகிக்கொண்டே இருந்தது.

பயப்படாதே, கோடு இருக்கிறது, யாராவது வருவார்கள் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வந்தார்கள். பால் வண்டிக்காரன் பார்த்துவிட்டுப் போய் டீக்கடையில் சொல்ல, சொல்லி வாய் மூடுவதற்குள் மினிலாரி பிடித்துக்கொண்டு ஊர் ஆம்பளைகள் முக்கால்வாசிப் பேர் வந்து வளைவில் இறங்கினார்கள். அவ்வளவு பேர் ஒரு சாவுக்குக்கூட அவ்வளவு சீக்கிரம் கூடியதில்லை. ரோட்டோரத்தில் வரிசையாக நின்று, எட்டிப் பார்த்து, கோடு புதருக்குள் போவதையும், கீழே இலைகளுக்கு நடுவே வட்டத்தின் வெள்ளை தெரிவதையும் பார்த்தார்கள்.

பார்த்தவர்கள் ஒருவரும் இறங்கவில்லை. இவ்வளவு பெரிய வட்டமா என்று ஒருவர் வாயைப் பிளந்தார். அந்தப் பக்கம் ஒரு காலத்தில் கரிமூட்டம் போடுகிறவன் குடிசை இருந்தது என்று இன்னொருவர் ஞாபகப்படுத்தினார். குடிசை இருந்தால் ஆள் இருப்பான், ஆள் இருந்தால் விஷயம் இருக்கும் என்று பேச்சு தானாகவே கீழே இறங்கிப்போனது, ஆட்கள் மேலேயே நின்றார்கள். தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்க்கும் மொக்கராசு மட்டும், கோடு விழுந்திருக்கிறதே, அப்படியென்றால் தனியாகத்தானே போயிருக்கிறாள், ஒருவேளை விழுந்து கிடக்கிறாளோ என்று இழுத்தான். போகும்போது தனி, போன இடத்தில் ஒருத்தன் காத்திருந்தால் அதற்குக் கோடு என்ன செய்யும் என்று ஜெயக்கொடி சொன்னதும் மொக்கராசு வாயை மூடிக்கொண்டான், அவர் கடையில் அவனுக்குச் சிமெண்டு பாக்கி இருந்ததோ என்னவோ. பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கலாமா என்று யாரோ கேட்டதற்கு, ரோட்டில் நின்று நம் வீட்டுப் பொம்பளை பேரைக் கத்தி ஊரைக் கூட்டுவதா என்றார். ஊரே அங்கேதான் கூடியிருந்தது.

கீழேயிருந்து பாண்டிமீனா கத்தினாள். தண்ணீர் பார்க்காத தொண்டையிலிருந்து காற்றும் கமறலும்தான் வந்தது. கேளையாடு கத்துகிறது என்று, அவள் குரலைக் காட்டுமானின் குரலாக்கி, மேலே யாரோ சொன்னது அவளுக்குக் கேட்டது. மேலே பேசியது எல்லாமே அவளுக்குக் கேட்டது, சரிவில் சத்தம் நன்றாக இறங்கும்.

கொஞ்ச நேரத்தில் மேல்முடி பஸ் வந்துவிடும், ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறவன் எல்லாம் கோட்டைப் பார்ப்பான், பார்த்தால் குடும்ப மானம் போய்விடும் என்று ஜெயக்கொடி கவலைப்பட்டார். அவர் கவலைப்பட்டால் ஊர் வேடிக்கை பார்க்காது. அரிவாள் எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் ஓடி, உடைமுள்ளும் இலந்தை முள்ளும் வெட்டி, கை கிழியக் கிழிய இழுத்து வந்து, அந்த இரண்டு கல்லுக்கு நடுவே ஆள் உயரத்துக்கு அடைத்தார்கள். கண்மாயைத் தூர்வாரக் கூப்பிட்டபோது வராதவர்கள், பள்ளிக்கூடத்துக்குச் சுவர் எழுப்பக் கூப்பிட்டபோது இடுப்பு வலி சொன்னவர்கள் எல்லாம் அன்றைக்கு ஒரு மனதாக, பீடி பற்ற வைக்கக்கூட நிற்காமல் வேலை செய்தார்கள். சுனைப்பட்டி ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அதுதான். அடைத்து முடித்துக் கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தால், கோடு முள்ளின் மேலும் ஏறிக்கொண்டு வெள்ளையாக நின்றது. பரவாயில்லை, தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது என்று சொல்லிக்கொண்டார்கள். அவள் எப்படியும் வீட்டுக்கு வந்துதானே ஆக வேண்டும், வந்ததும் விசாரிக்கலாம் என்று மினிலாரியில் ஏறிப் போனார்கள்.

ஊரில் குருவம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். யாரோடும் ஒத்துப் போகாதவள், நல்ல நாளிலேயே நாலு வீட்டோடு சண்டை போடுகிறவள், பாண்டிமீனாவோடு பேச்சை விட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. குருவம்மாளின் செவலைப் பசுவுக்கு இவள் போட்ட ஊசி ஒன்றும் சினை நிற்கவில்லை; நீ போட்டது ஊசியா தண்ணியா என்று நடுத்தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றியவள் அவள். அன்றைக்குக் காலையிலிருந்தே செவலை கத்திக்கொண்டிருந்தது. கட்டுத்தறியைச் சுற்றிச் சுற்றி வந்து, தீவனம் எடுக்காமல், வாலைத் தூக்கிக்கொண்டு தெருவே அதிரக் கத்தியது. போய்க் கூப்பிடுவதா என்று குருவம்மாளின் ரோஷம் தடுத்தது. பொழுது சாயச் சாய மாடு ஜெயித்தது, ரோஷம் தோற்றது. இந்தப் பருவத்தை விட்டால் இன்னொரு பருவம்வரை காத்திருக்க வேண்டும், அதுவரை வெறும் வயிற்று மாட்டுக்குத் தீவனம் போட அவளுக்கு மனசில்லை.

தெருவில் இறங்கிக் கோட்டைப் பார்த்தாள், அழியவில்லை, அப்படியென்றால் அவள் இன்னும் வரவில்லை. எங்கே போய்த் தொலைந்தாள் என்று கேட்டதற்கு ஆம்பளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், போகாதே, அங்கே சமாச்சாரம் சரியில்லை என்றார்கள். குருவம்மாளுக்குச் சமாச்சாரத்தில் அக்கறை இல்லை. கடைசி பஸ்ஸில் ஏறி, கோட்டின் மேலேயே கண்ணை வைத்துக்கொண்டு போய், பொதிமாட்டு வளைவில் நிறுத்தச் சொல்லி இறங்கினாள். முள் அடைப்பைப் பார்த்தாள். புல்லறுக்கும் அரிவாளால் முள்ளை இழுத்துப் போட்டுவிட்டு, முள் அடைத்தவனையும் அவன் பாட்டன் பூட்டனையும் வைதுகொண்டே, புதரைப் பிடித்துப் பிடித்துச் சரிவில் இறங்கினாள். வட்டம் ஒரு களம் அளவுக்குப் பெருகியிருந்தது. அதன் நடுவில் வண்டிக்கு அடியில் பாண்டிமீனா கிடந்தாள்.

"எம் மாடு விடிஞ்சதுலருந்து கத்திக்கிட்டுக் கெடக்கு, நீ இங்க வந்து படுத்துக் கெடக்கியாக்கும்" என்றாள் குருவம்மாள்.

பாண்டிமீனா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள். தண்ணி என்று வாயை மட்டும் அசைத்தாள். இடுப்பில் செருகியிருந்த பாட்டிலை எடுத்து, மடமடவென்று குடிக்க விடாமல், வைதுவைது கொஞ்சம் கொஞ்சமாகக் குருவம்மாள் ஊற்றினாள். தொண்டை நனைந்ததும் பாண்டிமீனாவுக்குப் பேச்சு வந்தது.

"மேல வந்தாய்ங்க. எல்லாரும் வந்தாய்ங்க" என்றாள். பிறகு, "முள்ளு வெட்டுன சத்தம் எனக்குக் கேட்டுச்சு" என்றாள்.

குருவம்மாளின் வாய் ஓய்ந்த ஒரே நேரம் அதுதான். அவள் திரும்பி மேலே பார்த்தாள், பிய்த்துப் போட்ட முள்ளைப் பார்த்தாள், அப்புறம் காறித் துப்பினாள். ஒரு காய்ந்த மரக்கிளையை வண்டிக்கு அடியில் கொடுத்து நெம்பி, காலை வெளியே இழுத்தாள். கால் இருந்த கோலத்தைப் பார்த்து முகம் சுளித்தாள். சேலையில் கிழித்துக் கட்டிவிட்டு ரோட்டுக்கு ஏறி, ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்த ஜீப்பு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள். ஒதுங்கு என்று டிரைவர் கத்தினான். ஏற்றிவிட்டுப் போ என்றாள். தோட்டத்தில் வேலை பார்க்கிற பொம்பளைகள் ஜீப்பிலிருந்து குதித்து இறங்கிப் போய் பாண்டிமீனாவைத் தூக்கி வந்தார்கள். அவர்களுக்கு அவள் பேர்கூடத் தெரியாது.

பெரியாஸ்பத்திரியில் காலுக்குக் கம்பி வைத்துக் கட்டுப் போட்டார்கள். வண்டி சரிவிலேயே கிடந்தது, அவளும் வீடு திரும்பவில்லை, ஆகவே கோடும் அழியாமல் அவள் வாசலிலிருந்து மேல்முடி போய்த் திரும்பிப் பொதிமாட்டு வளைவு வரை அப்படியே கிடந்தது. விஷயம் பரவி, வெளியூர்க்காரர்கள் காரை நிறுத்திவிட்டு அந்த முள்ளையும் கோட்டையும் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். எந்த மானத்தை மறைக்க முள் வெட்டினார்களோ அது ஊர் ஊராகப் போனது.

சுனைப்பட்டி ஆஸ்பத்திரிக்கு வந்தது. வாழைப்பழத்தோடும் பிஸ்கட்டோடும், நேற்றுவரை ஒன்றுமே நடக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோடு இருந்ததால்தான் நீ பிழைத்தாய் என்று வந்தவர்கள் ஆளாளுக்குச் சொன்னார்கள். முள் வைத்தது நல்லதாகப் போயிற்று, அந்த அடையாளத்தைப் பார்த்துத்தான் குருவம்மாள் சரியான இடத்தில் இறங்கினாள் என்று ஜெயக்கொடி சொன்னார், சொல்லும்போது அவருக்கே நாக்கு கூசவில்லை. ஜெயக்கொடி நீட்டிய போனில் சுருளிவேல் பேசினான், வண்டியை விற்றுவிட அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன், இனிமேல் வீட்டிலேயே இரு, அதுதான் உனக்குப் பாதுகாப்பு என்றான். போனை அவள் ஜெயக்கொடி கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

பிறகு தலையணையில் சாய்ந்துகொண்டு, வந்திருந்த ஒவ்வொருவரையும் நிதானமாகப் பார்த்து, பொதிமாட்டு வளைவில் அவரவர் பேசியதை அவரவர் குரலிலேயே திருப்பிச் சொன்னாள். இவ்வளவு பெரிய வட்டமா என்று ஒருவருக்கு, கரிமூட்டக்காரன் குடிசை என்று ஒருவருக்கு, கேளையாடு கத்துகிறது என்று ஒருவருக்கு. ஒரு எழுத்துக் கூட்டவில்லை, குறைக்கவில்லை, கோபம்கூடக் காட்டவில்லை. மொக்கராசு பக்கம் திரும்பி, "நீ நல்லதாத்தான்டா ஆரம்பிச்ச, பெறகு ஏன் வாய மூடிக்கிட்ட?" என்றாள். அவன் அழுதுவிட்டான். ஜெயக்கொடிக்குக் கடைசியாக வைத்திருந்தாள். "போகும்போது தனி, போன எடத்துல ஒருத்தன் காத்திருந்தா அதுக்குக் கோடு என்ன செய்யும்" என்று அவர் குரலில், அவர் காது குடைகிற மாதிரியே கையை வைத்துக்கொண்டு சொன்னாள். வார்டில் இருந்த மற்ற நோயாளிகளும் அவர்கள் வீட்டாட்களும் கேட்டார்கள். மறுநாளிலிருந்து சுனைப்பட்டியிலிருந்து யாரும் பழம் வாங்கிக்கொண்டு வரவில்லை.

குருவம்மாள் மட்டும் வந்தாள். ஒவ்வொரு தடவையும் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒன்னால அந்தப் பருவம் போச்சு என்று வைதாள், கஞ்சியை வைத்துவிட்டுப் போனாள்.

கால் கூடி, வீட்டுக்கு வந்து, சரிவிலிருந்து வண்டியைக் கயிறு கட்டி ஏற்றி வந்து வாசலில் ஸ்டாண்டு போட்ட அன்றுதான் பழைய கோடு மறைந்தது. வண்டியை வாங்கிக்கொள்ள ஜெயக்கொடி ஆள் பிடித்து வைத்திருந்தார். வந்த ஆளிடம் பாண்டிமீனா, வண்டி தன் பேரில் இருப்பதைச் சொல்லி அனுப்பிவிட்டாள். புருஷன் போனில் கத்தினான். நீ வந்து மலை ஏறு, நான் குவைத்துக்குப் போய் லாரி ஓட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை காலையில், ஊரே பார்க்க, சொம்பு நிறையத் தண்ணீரைக் குடித்துவிட்டு, பாட்டிலில் வேறு நிரப்பிக்கொண்டு, கொஞ்சம் விந்தி விந்தி நடந்து வந்து வண்டியை எடுத்தாள். குருவம்மாள் வீட்டு வாசலில் மட்டும் வண்டியை அணைக்காமல் நின்றாள். இன்றைக்கு எந்தப் பக்கம், எந்த ரோட்டில் போய் எந்த ரோட்டில் திரும்புவேன் என்று சொன்னாள். பால் கறந்துகொண்டிருந்த குருவம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வெளக்கு வைக்கிறதுக்குள்ள வரலைன்னா நான் கெளம்பி வருவேன்" என்றாள். "வந்தா நல்லா வாங்குவ, சொல்லிப்புட்டேன்."

சரிக்கா என்று பாண்டிமீனா கிளம்பினாள். ஊர் பார்த்த வரைக்கும், அவள் போன ரோட்டில் கோடு விழவில்லை.

ஊருக்கு இது பொறுக்கவில்லை. டீக்கடையிலிருந்து எழுந்து வந்து ரோட்டில் குனிந்து தேடினார்கள், செருப்புக்காலால் தாரைத் தேய்த்துப் பார்த்தார்கள், ஒருவர் தண்ணீர் கூடத் தெளித்துப் பார்த்தார். தனியாகப் போகிற பொம்பளை, எங்கே இருக்கிறாள் என்று தெரியாமல் இருந்தால் நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று ஆளுக்காள் ஆத்திரப்பட்டார்கள், தங்கள் வீட்டில் திருடு போன மாதிரி. அந்த நேரம் பார்த்துப் புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு குருவம்மாள் வந்தாள். ஜெயக்கொடி அவளை மறித்து, உன்னிடம்தானே சொல்லிவிட்டுப் போனாள், எந்தப் பக்கம் போயிருக்கிறாள் என்று கேட்டார்.

குருவம்மாள் கட்டை இறக்காமல் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏண்ணே, முள்ளு வெட்டணுமா?"

அவர் பதில் சொல்வதற்குள் அவள் நடந்துவிட்டாள். ரோட்டைக் கடக்கும்போது, எல்லோரும் தேடித் தேடி ஒன்றும் இல்லை என்று விட்ட இடத்தில், சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சுண்டுவிரல் அகலத்தில் கிடந்த எதையோ மிதித்துவிடாமல் பார்த்து, தாண்டிக் காலை வைத்துப் போனாள்.